போட்டி முடிந்த பிறகு வந்த தமிழ்: இணைய விளம்பரத் திட்டங்களும் தமிழ்த் தளங்களும், 1997–2025

2018 பிப்ரவரியில் கூகுளைப் பற்றி இரண்டு செய்திகள் வெளிவந்தன. அம்மாதம் 8-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் அந்நிறுவனத்துக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார் கொடுத்தவர்களில் ஒருவர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் நிறுவனம், மற்றவர் ஜெய்ப்பூரைச் சேர்ந்த கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு. அதே மாதத்தில்தான் கூகுள், தளம் நடத்துபவருக்கான ஆட்சென்ஸ், விளம்பரம் கொடுப்பவருக்கான ஆட்வேர்ட்ஸ் ஆகிய தன் இரு விளம்பரத் திட்டங்களிலும் தமிழைச் சேர்ப்பதாக அறிவித்தது. முதலாவது வணிகச் செய்தியாகவும் இரண்டாவது தமிழுக்குக் கிடைத்த பெருமையாகவும் பேசப்பட்டன. இரண்டையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அந்த வரலாறு இதுதான். இணையதளம் நடத்துபவரின் பக்கத்தில் இடம் பிடிக்க விளம்பரத் திட்டங்கள் உண்மையாகவே ஒன்றோடொன்று போட்டியிட்ட காலம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 1996 முதல் 2010 வரை என்று அதை வரையறுக்கலாம். அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கம் சந்தைக்கு வெளியே நின்றது. தமிழ் உள்ளே அழைக்கப்பட்டபோது போட்டி பெரும்பாலும் முடிந்துவிட்டது. தமிழில் தரமான தளங்கள் நிலைக்காததற்கு வாசகர் காசு கொடுக்க மாட்டார் என்பதையே காரணமாகச் சொல்லி வருகிறோம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. வாசகரிடம் கேட்பதற்கு முன்பே, அந்தப் பக்கத்துக்கு விலை கேட்க வேண்டிய இடைத்தரகர்கள் வரவே இல்லை.

இராயபுரத்தில் வளர்ந்தவரின் தளம்

மேட்ரிமோனி.காம் நிறுவனத்தைத் தொடங்கிய முருகவேல் ஜானகிராமன் வடசென்னை இராயபுரத்தில் வளர்ந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ.வும் படித்தவர். 1997-இல் அமெரிக்காவில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது சிஸ்இந்தியா என்ற பெயரில் தமிழர்களுக்கான சமூகத் தளம் ஒன்றைத் தொடங்கினார். பல பகுதிகள் கொண்ட அந்தத் தளத்தில் வரன் தேடும் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. பாரத்மேட்ரிமோனி அதிலிருந்து பிறந்தது.

அன்று ஒரு தளத்துக்கு வருமானம் வர என்னென்ன வழிகள் இருந்தன? 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு இதழின் தளத்தில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் பேனர் விளம்பரம் வந்ததோடு இந்தத் தொழில் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் மூன்று வகைத் திட்டங்கள் களத்தில் இருந்தன. டபுள்கிளிக் பெரிய தளங்களின் பேனர் இடங்களை மொத்தமாக விற்றுக் கொடுத்தது. லிங்க்எக்ஸ்சேஞ்ச் காசைத் தொடாமல் பண்டமாற்று நடத்தியது: உங்கள் தளத்தில் அடுத்தவரின் பேனரை இரண்டு முறை காட்டினால் உங்கள் பேனர் வேறெங்கோ ஒரு முறை காட்டப்படும். 1996 ஜூலையில் தொடங்கிய அமேசானின் அசோசியேட்ஸ் திட்டம் விற்ற பொருளுக்குக் கமிஷன் கொடுத்தது. அதாவது பார்வைக்கு ஒரு விலை, பரிமாற்றத்துக்கு ஒரு விலை, விற்பனைக்கு ஒரு விலை. சிறு தளங்களின் கூட்டத்துக்கு மதிப்பு உண்டு என்பதை 1998-இல் லிங்க்எக்ஸ்சேஞ்சை மைக்ரோசாஃப்ட் 26.5 கோடி டாலருக்கு வாங்கியது காட்டிவிட்டது.

பேனர் ஒரு படம். மொழி அதற்குத் தடையில்லை. ஆனாலும் அமெரிக்க விளம்பர நிறுவனங்களுக்குத் தமிழ் வாசகர் ஒரு சந்தையாகத் தெரியவில்லை. சிஸ்இந்தியாவிலிருந்து பிறந்த நிறுவனம் உறுப்பினர் கட்டணத்தை நம்பிப் பிழைத்தது. டாட்காம் சரிவில் விளம்பரத்தையே நம்பியிருந்த தளங்கள் விழுந்தபோது இது தாங்கியது. தமிழர்களுக்காகத் தொடங்கிய தளங்களில் பெருந்தொழிலாக வளர்ந்த ஒன்று விளம்பர இடம் விற்று வளரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் அது விற்பவராக நிற்கவில்லை, வாங்குபவராக நின்றது. பின்னர் நீதிமன்றம் போனதும் வாங்குபவராகத்தான்.

எழுத்துரு தந்த தடை

அடுத்த மாற்றம் தேடலிலிருந்து வந்தது. 1998-இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம், தேடுசொல்லை ஏலத்துக்கு விட்டது. யார் அதிகம் கொடுக்கிறாரோ அவர் விளம்பரம் மேலே. ஓவர்ச்சர் என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2003-இல் யாகூ வாங்கியது. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியிருந்தது. 2003 ஏப்ரலில் அப்ளைடு செமான்டிக்ஸ் என்ற நிறுவனத்தை 10.2 கோடி டாலருக்கு வாங்கி, ஜூனில் ஆட்சென்ஸ் திட்டத்தை எல்லாப் பதிப்பாளர்களுக்கும் திறந்துவிட்டது.

ஆட்சென்ஸ் கொண்டுவந்த மாற்றம் பெரிது. யாரையும் நேரில் பார்க்க வேண்டியதில்லை. விண்ணப்பித்து, அனுமதி வந்ததும் சில வரி நிரலைப் பக்கத்தில் ஒட்டினால் போதும். கூகுளின் நிரல் ஒன்று பக்கத்தைப் படித்து அது எதைப் பற்றியது என்று கணிக்கும். அதற்குப் பொருத்தமான விளம்பரங்களுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் நடக்கும். வாசகர் சொடுக்கினால் பதிப்பாளருக்கும் கூகுளுக்கும் பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதைக் கூகுள் 2010 மே மாதம் வரை வெளியே சொல்லவே இல்லை. அப்போதுதான் உள்ளடக்கப் பக்கங்களுக்கு 68 விழுக்காடும் தேடல் பெட்டிக்கு 51 விழுக்காடும் பதிப்பாளருக்குப் போகிறது என்று அறிவித்தது. ஏழு ஆண்டுகள் தன் கூலி எத்தனை பங்கு என்று தெரியாமலே உலகம் முழுவதும் பதிப்பாளர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

தமிழ்ப் பக்கத்தை அந்த நிரல் எப்படிப் படித்திருக்கும்? அன்று புழக்கத்தில் இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கோப்பில் சேமிக்கப்படுவதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவை நீக்கிவிட்டுப் பார்க்கும் எந்த நிரலுக்கும் அது பொருளற்ற எழுத்துக் குவியல். ஒவ்வொரு நாளேடும் ஒவ்வொரு வார இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றின் குறியீடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் கூடியது. டாம், டாப் குறியீடுகளையும் இன்று நாம் பயன்படுத்தும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. யுனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தாலும் அது பரவ விண்டோஸ் 2000, எக்ஸ்பி கணினிகள் வீட்டுக்கு வீடு வர வேண்டியிருந்தது.

ஆகவே 2003-இல் தமிழ் வெளியே நின்றதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணம் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஆண்டில் யுனிகோடில் தமிழ் வலைப்பதிவுகள் எழுதப்படத் தொடங்கின. தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி நூற்றுக்கணக்கான வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் கூட்டியது. கூகுளின் தேடுபொறியே அந்தப் பக்கங்களைப் படித்துத் தேடல் முடிவுகளில் காட்டியது. தேடலுக்குப் படிக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு விளம்பரத்துக்கு மட்டும் படிக்கத் தெரியாமல் போனது தொழில்நுட்பக் குறையாக இருக்க முடியாது. தமிழில் சொல்லுக்கு ஏலம் கேட்க விளம்பரதாரர் இல்லை. விதிமீறலைக் கண்காணிக்கத் தமிழறிந்த ஆட்களை அமர்த்தும் செலவுக்கு வரவு இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். விளம்பரதாரர் ஏன் இல்லை என்றால் தமிழில் விளம்பரம் எழுதவே அத்திட்டத்தில் வழியில்லை. இந்தச் சுழல் 2018 வரை அவிழவில்லை.

போட்டியின் உச்சமும் தமிழ்ப் பதிவரின் வாசலும்

2005-க்கும் 2010-க்கும் இடையில் பதிப்பாளருக்கான போட்டி உச்சத்தில் இருந்தது. யாகூ 2005 ஆகஸ்டில் பப்ளிஷர் நெட்வொர்க்கைத் தொடங்கியது. அமெரிக்கப் பதிப்பாளருக்கு மட்டும் என்று வேலி போட்டது. அமெரிக்கா வாழ் தெலுங்கரான வெங்கட் கொல்லூரி இணைந்து நிறுவிய சிடிகா, தேடி வந்த வாசகருக்கேற்ப விளம்பரம் காட்டியது. ஆட்பிரைட், பிட்வெர்டைசர், சொல்லுக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டு விளம்பரம் காட்டிய இன்ஃபோலிங்க்ஸ் என்று பட்டியல் நீளும். இந்தியாவிலும் மும்பையில் கொம்லி, குர்கானில் டைரூ, கைப்பேசி விளம்பரத்துக்கான இன்மொபி ஆகியவை 2006, 2007-இல் தோன்றின. ஆங்கிலத்தில் எழுதியவர் ஒன்றின் கட்டணம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்கு மாறலாம். மாறினார்கள்.

தமிழ்ப் பதிவரின் நிலை வேறு. ஆட்சென்ஸ் விண்ணப்பத்தில் தளத்தின் மொழி எது என்ற கேள்விக்குக் கீழே தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வலைப்பதிவு தொடங்கி அனுமதி வாங்கி, அந்த நிரலைத் தமிழ்ப் பதிவில் ஒட்டியவர்கள் பலர். அது விதிமீறல். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ரகசிய எண் தாங்கிய கடிதம் தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் காசோலை. இந்தியாவிலும் சீனாவிலும் இருப்பவர்கள் தளம் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்ற விதியும் இருந்தது. இத்தனையும் தாண்டி, 100 டாலரைத் தொடும் நேரத்தில் ஆதரிக்கப்படாத மொழி என்ற காரணத்தால் கணக்கு முடக்கப்பட்டால் சேர்ந்த தொகையும் போய்விடும். மாதக்கணக்கில் எழுதிச் சேர்த்தது போனால் மனம் உடையும். நல்ல பதிவுகள் சில நின்றுபோனதில் இந்த ஏமாற்றத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

மீதியிருந்த வழிகள் மோசமானவை. மொழி கேட்காத திட்டங்கள் தமிழ்ப் பக்கத்துக்கு அனுப்பியவை, சொடுக்கினால் பின்னால் திறக்கும் சாளரங்கள், போலிப் பரிசு அறிவிப்புகள், ஆபாசப் படங்கள். நேர்மையாகத் தளம் நடத்தியவர் அவற்றை ஒதுக்கி வருமானமில்லாமல் இருந்தார். ஒதுக்காதவர் வாசகரை இழந்தார்.

இந்தியர் தொடங்கிய நிறுவனம் ஒன்று இங்கே கை கொடுத்திருக்கலாம். திவ்யாங்க் துராக்கியா 2010-இல் தொடங்கிய மீடியா.நெட் நிறுவனம் யாகூ, பிங் விளம்பரங்களைப் பதிப்பாளருக்குக் கொண்டுசேர்த்து ஆட்சென்ஸுக்கு நேர்ப்போட்டியாக வளர்ந்தது. மும்பையில் பெரும் பணியாளர் படை வைத்திருந்த அந்நிறுவனம் 2016-இல் சுமார் 90 கோடி டாலருக்குச் சீன முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்டது. ஆனால் அது எதிர்பார்த்ததோ ஆங்கிலத் தளம். வாசகர்களில் பெரும்பகுதி அமெரிக்கா, கனடா, பிரிட்டனைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். உள்ளூர் மொழிக்கு உள்ளூர் நிறுவனம் வரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்த இடம் இது.

இதற்குள் மேலே போட்டி சுருங்கத் தொடங்கியிருந்தது. 2007 ஏப்ரலில் கூகுள் டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பதிலுக்கு அதே ஆண்டில் யாகூ ரைட் மீடியா என்ற விளம்பர நிறுவனத்தையும் மைக்ரோசாஃப்ட் அக்வான்டிவ் என்ற மற்றொன்றையும் வாங்கின. இரண்டும் பலன் தரவில்லை. யாகூ 2010 ஏப்ரலோடு தன் பதிப்பாளர் திட்டத்தை மூடிவிட்டு, சிடிகாவுக்குப் போங்கள் என்று சொன்னது. ஆட்பிரைட் 2013-இலும் சிடிகா 2019-இலும் மூடப்பட்டன.

உயர் நீதிமன்றமும் ஆணையமும்

இன்றைய மேட்ரிமோனி.காம் நிறுவனம் 2010 வாக்கில் கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில் இருந்தது. தமிழ்மேட்ரிமோனி, தெலுகுமேட்ரிமோனி போன்ற தன் வணிகப் பெயர்களைத் தேடுபவருக்குப் போட்டியாளரின் விளம்பரத்தைக் கூகுள் காட்டுகிறது, அந்தப் பெயர்களை ஏலத்தில் விற்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அளித்த நீண்ட உத்தரவு, தேடுசொல் விளம்பரத்தை இந்தியாவில் ஆழமாக அலசிய முன்னோடி உத்தரவுகளில் ஒன்று. அந்தப் பெயர்கள் பொருளை விவரிக்கும் பொதுச் சொற்களால் ஆனவை என்பதால் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

2012-இல் பிரச்சினை போட்டி ஆணையத்துக்குப் போனது. ஆறு ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பைப் பதிப்பாளர் கண்ணோட்டத்தில் படித்தவர்கள் குறைவு. ஆட்வேர்ட்ஸ் தொடர்பான குற்றச்சாட்டுகளில் ஆணையம் மீறல் காணவில்லை. மீறல் என்று அது கண்டவை வேறு: தேடல் முடிவுகளில் சில இடங்களைத் தன் சேவைகளுக்கு ஒதுக்கியது; விமானப் பயணத் தேடலில் தன் பெட்டியை முன்வைத்தது; மூன்றாவதாக, தேடல் வசதியைத் தங்கள் தளத்தில் பொருத்திக்கொண்ட பதிப்பாளர்களோடு தனித்தனியாகப் பேசி முடித்த ஒப்பந்தங்களில் போட்டி நிறுவனங்களின் தேடல் சேவையைப் பயன்படுத்த விடாமல் கட்டுப்பாடு விதித்தது. விளம்பரதாரர் தொடுத்த வழக்கில் விளம்பரதாரருக்குக் கிடைக்காத நிவாரணம் பதிப்பாளருக்குக் கிடைத்தது. உறுப்பினர்களில் இருவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினர். கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. இதே வகை ஒப்பந்தங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2019 மார்ச்சில் 149 கோடி யூரோ அபராதம் விதித்ததையும், அதை 2024 செப்டம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் ரத்து செய்ததையும் சேர்த்துப் பார்த்தால், சட்டம் இதில் இன்னும் தடுமாறுகிறது என்பது விளங்கும்.

தமிழ் உள்ளே வந்த பிறகு

கூகுளும் கே.பி.எம்.ஜி. நிறுவனமும் 2017 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 23.4 கோடி என்றும் மொழிவாரியாக இணையப் பயன்பாட்டு விகிதத்தில் 42 விழுக்காட்டுடன் தமிழே முதலிடம் என்றும் சொன்னது. ஜியோ வந்து தரவு மலிவாகியிருந்த நேரம். அப்படியிருந்தும் கூகுளின் விளம்பரத் திட்டங்களில் ஹிந்தி 2014-இலும் வங்காளம் 2017-இலும் வந்த பிறகே தமிழ் 2018-இல் வந்தது.

அதன் பின் தமிழ்ப் பதிப்பாளர் நுழைந்த சந்தை எப்படிப்பட்டது என்பதை அமெரிக்க நீதிமன்றமே விவரித்துவிட்டது. 2025 ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, பதிப்பாளருக்கான விளம்பரச் சேவையக மென்பொருளிலும் விளம்பர ஏலச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் வைத்திருந்ததாகவும், இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்ததாகவும் தீர்ப்பளித்தார். இராயபுரத்தை ஒட்டியிருக்கும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்தவருக்கு இது எளிதில் புரியும். படகுக்காரர் ஒருவர், ஏலம் விடுபவர் ஒருவர், கூடை எடுக்கும் வியாபாரி ஒருவர். படகுக்காரருக்குக் கணக்கெழுதுபவரும், ஏலம் விடுபவரும், வியாபாரிக்காக விலை கேட்பவரும் ஒரே ஆள் என்றால் அந்த மீனுக்கு நியாயமான விலை எது என்று யாரால் சொல்ல முடியும்? 2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையமும் இதே விளம்பரத் தொழில்நுட்பத்துக்காக 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியாவில், பெரிய ஊடக நிறுவனங்களின் டிஜிட்டல் நியூஸ் பப்ளிஷர்ஸ் அசோசியேஷன் கூகுள் மீது கொடுத்த புகாரில் 2022 ஜனவரியில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

வேறு வழி இருந்ததா? புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் தளங்கள் இருந்தது என்று காட்டுகின்றன. லங்காசிறி போன்றவை மரண அறிவித்தல், நினைவஞ்சலி, கனடா, ஐரோப்பாவில் உள்ள தமிழ்க் கடைகளின் விளம்பரம் ஆகியவற்றை நேரடியாக வாங்கி வெளியிட்டன. விளம்பரம் கொடுப்பவரும் வாசிப்பவரும் ஒரே சமூகம் என்பதால் நடுவில் ஏலக்காரர் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு வேர்விடவில்லை. விளம்பரம் கொடுப்பவர் இல்லாமலா? வடசென்னைத் திருவொற்றியூரில் தேரடியிலிருந்து விம்கோ நகர் வரை நெடுஞ்சாலையில் ஒரு முறை போய்வந்தால் தெரியும்: கல்யாண மண்டபம், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, நகைக்கடை, டியூஷன் சென்டர், பல் மருத்துவமனை. ஃபிளெக்ஸ் அடிக்கிறார்கள், காலை நாளேட்டுக்குள் நோட்டீஸ் வைக்கிறார்கள், லோக்கல் கேபிளில் ஸ்க்ரோல் ஓட்டுகிறார்கள், இன்று 600019 என்ற அஞ்சல் குறியீட்டைக் குறிவைத்துக் கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு போடுகிறார்கள். வடசென்னைச் செய்தியை, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலை, மீனவர் வாழ்வைத் தமிழில் எழுதும் சிறு தளத்துக்கு அந்தக் காசு நேராகப் போகும் பாதையை யாரும் அமைக்கவில்லை. அச்சுக் காலத்தில் ஊர் இதழ்கள் விளம்பரப் பிரதிநிதிகளை வைத்துச் செய்த வேலை அது. ஆட்சென்ஸ் வரும் என்று காத்திருந்த பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டது.

போட்டி ஆணையத்தின் முன் பேசுபவை பெரிய ஊடகங்கள். சிறு தமிழ்த் தளங்களின் அனுபவம் அங்கே பதிவாக வேண்டுமானால் சான்று வேண்டும். தளம் நடத்துபவர்களுக்கும் நடத்தி நிறுத்தியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் மாத வருவாய் அறிக்கைகள், கணக்கு முடக்கப்பட்டபோது வந்த மின்னஞ்சல்கள், பழைய காசோலை நகல்கள் ஆகியவற்றை அழித்துவிடாதீர்கள். அவற்றைச் சேர்த்து, சிறு பதிப்பாளர்களாகக் கூடி ஆணையத்துக்கு மனுக் கொடுங்கள்.